திப்புவின் வாளுக்கு விலை வைப்பது எது? பழம்பொருள் ஏலம் பற்றிப் புதியவர்களுக்கு

நிலம் வாங்கப் போகிறவர் மண்ணைப் பார்ப்பதற்கு முன்பே தாய்ப்பத்திரத்தைக் கேட்பார். விற்பவருக்கு அது யாரிடமிருந்து வந்தது, அவருக்கு முன் யார் வைத்திருந்தார், நடுவில் ஏதாவது வில்லங்கம் உண்டா என்று பின்னோக்கிப் போவார். பழைய வாள், பழைய ஓவியம், போர்ப் பதக்கம் ஆகியவற்றை ஏலத்தில் எடுப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். பொருள் யார் யார் கையில் இருந்து வந்தது என்ற தொடரை இந்தத் துறையில் பூர்வீகம் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் பெரும்பாலும் அந்தப் பூர்வீகத்துக்குத்தான் பணம் தருகிறார். எஃகுக்கும் வெள்ளிக்கும் தருவது சொற்பம்.

ஒரே ஒரு விஷயத்தில் நிலத்திலிருந்து இது மாறுபடுகிறது. பறித்துக்கொண்ட நிலம் என்று தெரிந்தால் அதை யாரும் வாங்க மாட்டார்கள். பழம்பொருள் சந்தையிலோ, “இது கொள்ளையில் கிடைத்தது, இதோ சான்று” என்று காட்டும் கடிதம்தான் சில பொருள்களின் விலையைப் பல மடங்கு ஏற்றுகிறது. அதே போன்ற இன்னொரு கடிதம், வேறொரு பொருளை ஒரே நாளில் விற்கவே முடியாததாக்கிவிடுகிறது. எந்தச் சான்று எப்போது எதைச் செய்யும் என்று புரிந்துகொண்டால் சந்தையில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி கட்டணக் கணக்கு.

இதை விளக்க, மைசூர் அரசர் திப்பு சுல்தானின் தலைநகராக இருந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். அரண்மனைக் கலைப்பொருள், ஆயுதம், ஓவியம், சிப்பாயின் பதக்கம் என்று ஏலத்துக்கு வரும் எல்லா வகையும் அந்த ஒரே நகரத்தின் வீழ்ச்சியிலிருந்து இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

முதல் ஏலம் லண்டனில் நடக்கவில்லை

1799 மே 4 அன்று, உச்சிவெயில் நேரத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் படை கோட்டைச் சுவரில் விழுந்த உடைப்பின் வழியே ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குள் புகுந்தது. திப்பு சுல்தான் அன்றே சண்டையில் இறந்தார். தாக்குதலை முன்னின்று நடத்தியவர் டேவிட் பேர்டு. 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படை படுதோல்வி கண்டபோது பிடிபட்டு, இதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றரை ஆண்டுக்கும் மேல் சிறையில் கிடந்தவர் அவர்.

கோட்டை விழுந்த இரவு கட்டுப்பாடில்லாத கொள்ளை. அதன் பிறகு நடந்தது கட்டுப்பாட்டோடு கூடிய கொள்ளை. அந்தக் காலப் படைகளில், வென்ற இடத்தின் சொத்தைக் கணக்கெடுத்து, விற்று, பதவிக்கு ஏற்றபடி பங்கு பிரிக்கத் தனி அதிகாரிகள் இருந்தார்கள். கருவூலமும் நகைகளும் ஆயுதங்களும் அவர்கள் கைக்கு வந்தன. திப்புவின் தங்கச் சிம்மாசனத்தை முழுதாகப் பங்கிட முடியாது என்பதால் உடைத்தே விட்டார்கள். அதன் விளிம்பில் வரிசையாக நின்ற சின்னஞ்சிறு தங்கப் புலித்தலைகள் தனித்தனி வீடுகளுக்குப் போயின. ஆக, இந்தப் பொருள்கள் முதன்முதலாக விலை பேசப்பட்டது லண்டன் ஏலக் கூடத்தில் அல்ல, ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே. இன்று லண்டனில் நடப்பது அதன் தொடர்ச்சி.

இந்த நிர்வாக ஒழுங்குதான் பின்னாளில் விலையானது. பங்கு பிரித்தவர்கள் பட்டியல் எழுதினார்கள். அதிகாரிகள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். பரிசாகக் கொடுத்த வாளில் யார் யாருக்குக் கொடுத்தது என்று பொறித்தார்கள். சட்டையில் சுருட்டி எடுத்துப் போன சிப்பாயிடம் எழுத்து எதுவும் இல்லை. அவன் எடுத்த வாள் உண்மையிலேயே திப்புவுடையதாக இருந்திருந்தாலும், இன்று அது “மைசூர், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி” என்ற ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

ஒரே அரசர், ஒரே நகரம், எட்டாத விலை வித்தியாசம்

2023 மே 23 அன்று லண்டனில் பான்ஹாம்ஸ் நிறுவனம் திப்புவின் படுக்கையறையில் கிடைத்த வாளை ஏலம் விட்டது. 15 முதல் 20 லட்சம் பவுண்டு வரை போகலாம் என்பது அவர்கள் அச்சிட்ட மதிப்பீடு. போனதோ 1,40,80,900 பவுண்டுக்கு. அன்றைய கணக்கில் 140 கோடி ரூபாய்க்கு மேல். அந்த வாள் படையின் சார்பில் பேர்டுக்குப் பரிசாக வழங்கப்பட்டது, அந்தச் செய்தி வாளிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. சிறைக் கைதியாக இருந்தவன் சிறை வைத்த அரசனின் கோட்டையைப் பிடித்து அவன் தலைமாட்டு வாளைப் பெறுகிறான் என்பது கதை. கதைக்குப் பொருளிலேயே சாட்சிக் கையெழுத்து. இதற்கு மேல் ஒரு பூர்வீகம் அமைவது அரிது.

அதே ஆண்டு அக்டோபரில் கிறிஸ்டீஸ் நிறுவனம் திப்புவின் இன்னொரு வாளை ஏலத்துக்கு வைத்தது. 1792இல் திப்புவைத் தோற்கடித்த கம்பெனி கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் குடும்ப வழி வந்தது. மதிப்பீடு அதே 15 முதல் 20 லட்சம் பவுண்டு. அதை வாங்க ஆள் வரவில்லை. மே மாதத்து விலையைப் பார்த்து அக்டோபரில் ஆசைப்பட்டார்கள் என்பது என் ஊகம். ஏலத்தில் ஒரு பொருள் உச்ச விலைக்குப் போக, விடாப்பிடியாக நிற்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் விலை ஏறாது. புதிதாகச் சேகரிப்பவர் செய்தித்தாளில் வரும் சாதனை விலையைத் தன் அலமாரியில் உள்ள பொருளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வீண் கனவு.

மூன்றாவது உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. 2019 மார்ச்சில் இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் பகுதியில் ஒரு சிறிய ஏல நிறுவனத்துக்குச் சில பொருள்கள் வந்தன. ஒரு வீட்டுப் பரணில் இருந்தவை. அந்தக் குடும்பத்தின் முன்னோரான மேஜர் தாமஸ் ஹார்ட் கம்பெனிப் படையில் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்தவர். வெள்ளிப் பூண் போட்ட துப்பாக்கி 60,000 பவுண்டுக்கும், பொன் வேலைப்பாடு செய்த வாள் ஒன்று 18,500 பவுண்டுக்கும் போயின. விற்பனைக்கு முன் இந்தியத் தூதரகம் பொருள்களைத் திருப்பித் தருவது பற்றி யோசிக்கும்படி கேட்டுக்கொண்டது. விற்பனை நடந்தது. படுக்கையறை வாளின் விலையோடு 18,500ஐ வைத்துப் பாருங்கள். எஃகில் அவ்வளவு வேறுபாடு இருக்க முடியாது.

மேலே போகும் திசையிலும் ஆச்சரியங்கள் உண்டு. 2015 ஏப்ரலில் பான்ஹாம்ஸ் ஒரே சேகரிப்பாளரின் தொகுப்பிலிருந்து திப்பு காலத்துப் பொருள்கள் முப்பதை விற்றது. அதில் ஒரு சிறிய வெண்கலப் பீரங்கியின் மதிப்பீடு சில பத்தாயிரம் பவுண்டுகள்தான். விற்றது 14 லட்சம் பவுண்டைத் தாண்டி. மதிப்பீடு என்பது தீர்க்கதரிசனம் அல்ல, அழைப்பிதழ். குறைவாக அச்சிட்டால் கூட்டம் சேரும் என்று ஏலக்காரர்களுக்குத் தெரியும்.

பொருள் தானே பேசுமா?

காகிதம் இல்லாதபோது பொருளிலேயே தடயம் தேட வேண்டும். திப்புவின் பொருள்களில் புலிக்கோடு ஒரு முத்திரை மாதிரி. நடுவில் தடித்து இரு முனையிலும் கூர்ந்து நெளியும் அந்தக் கோடு வாளின் பிடியிலும், துப்பாக்கிக் குழாயிலும், பீரங்கியிலும், துணியிலும் வரும். துப்பாக்கியின் சுத்தி புலித்தலையாக இருக்கும். எழுத்துகளைப் புலி முகமாகக் கோத்த சின்னமும் உண்டு. ஆண்டுக் குறிப்பு இன்னும் நுட்பமானது. ஹிஜ்ரி ஆண்டை விட்டுவிட்டுத் தனக்கென்று ஒரு ஆண்டுக் கணக்கை அவர் கொண்டுவந்தார். அவருடைய காசுகளில் அந்த ஆண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. போலி செய்பவன் இந்த இடத்தில் சறுக்குவான்.

ஆனால் புலிக்கோடு இருந்தாலே திப்பு கையில் பிடித்தது என்று ஆகிவிடாது. அவருடைய ஆயுதச்சாலையில் ஆயிரக்கணக்கான ஆயுதங்கள் இருந்தன. ஏல நிறுவனங்கள் அச்சிடும் விற்பனைப் பட்டியலில் இந்த வேறுபாட்டைச் சொற்களிலேயே ஒளித்து வைத்திருப்பார்கள். “திப்பு சுல்தானின் வாள்” என்பது ஒன்று. “திப்பு சுல்தானின் ஆயுதச்சாலையிலிருந்து” என்பது அதற்கு ஒரு படி கீழே. “திப்பு காலத்தது” என்றால் காலம் மட்டும்தான் உறுதி. “திப்பு பாணியில்” என்று வந்தால் போன நூற்றாண்டில் செய்ததாகக்கூட இருக்கலாம். ஓவியத்திலும் இதே ஏணி: ஓவியரின் முழுப்பெயர் மட்டும் இருந்தால் அவர் வரைந்தது என்று நிறுவனம் நம்புகிறது, “அவருடையதாகக் கருதப்படுவது”, “அவரது பட்டறை”, “அவரைச் சுற்றியிருந்தவர்கள்”, “அவரைப் பின்பற்றி” என்று இறங்க இறங்க விலையும் இறங்கும். பெரிய நிறுவனங்கள் நம்பகத்தன்மைக்குச் சில ஆண்டு உத்தரவாதம் தருவதுண்டு. அந்த உத்தரவாதம் பெரும்பாலும் தடித்த எழுத்தில் உள்ள தலைப்பு வரிக்கு மட்டும். கீழே பத்தி பத்தியாக வரும் வீர வரலாறு அதில் சேராது. அந்தப் பத்திகள் படிக்க இனிமையானவை. அவற்றை எழுதியவர் விற்பவர் தரப்பு ஆள் என்பதை மறக்கக் கூடாது.

பிரதி என்றால் மலிவு என்றும் நினைக்க வேண்டாம். பொள்ளிலூர் வெற்றியைக் கொண்டாடத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் 1784இல் பெரிய ஓவியம் தீட்டச் செய்தார். அதே காட்சியைத் தாள்களில் தீட்டிய, சுமார் 32 அடி நீளமுள்ள வடிவம் ஒன்று 2022 மார்ச்சில் சோதபீஸ் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தது; கலைஞர் பெயர் தெரியாது. காஞ்சிபுரத்துப் புழுதியில் சதுரமாக அணிவகுத்து நின்ற கம்பெனிப் படை நொறுங்கும் அந்தக் காட்சி இந்தியாவில் அவர்கள் கண்ட மிகப் பெரிய தோல்விகளில் ஒன்றைக் காட்டுகிறது. அதை இவ்வளவு விலைக்கு ஏலம் விட்டதும் லண்டனில்தான்.

சுத்தியல் விழுந்த பிறகு வரும் கணக்கு

நம் ஊர் ஏலத்தில் “ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்” என்று கூவி முடித்தால் கேட்ட விலைதான் கொடுக்கும் விலை. லண்டன் ஏலத்தில் அப்படி இல்லை. சுத்தியல் விழும்போது நிற்கும் தொகை, விற்பவருக்குக் கணக்கிடப்படுவது. வாங்குபவர் அதற்கு மேல் நிறுவனத்துக்குக் கட்டணம் தர வேண்டும். இது பொதுவாக 20 முதல் 30 சதவீதம் வரை இருக்கும். பிரிட்டனில் அந்தக் கட்டணத்தின் மேல் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் சேரும். ஒரு பதக்கத்துக்குச் சுத்தியல் 400 பவுண்டில் விழுந்தது என்று வையுங்கள். கட்டணம் 25 சதவீதமென்றால் 100, அதன் மேல் வரி 20, ஆக 520. இணையத் தளம் ஒன்றின் வழியே கேட்டிருந்தால் அந்தத் தளத்துக்கும் சில சதவீதம். பிறகு பொதி கட்டும் செலவு, காப்பீடு, கப்பல் அல்லது விமானக் கட்டணம், இந்தியச் சுங்கம்.

ஆகவே வரம்பைப் பின்னிருந்து முன்னோக்கிக் கணக்கிட வேண்டும். பொதிச் செலவும் சுங்கமும் நீங்கலாக 650 பவுண்டுக்கு மேல் போக மாட்டேன் என்றால், அதே 25 சதவீதக் கட்டணத்தில், கையை இறக்க வேண்டிய இடம் 500. இதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். செய்தியில் வரும் விலைகள் பெரும்பாலும் கட்டணம் சேர்ந்தவை, மதிப்பீடுகளோ சேராதவை என்பதையும் நினைவில் வைத்தால், “மதிப்பீட்டை மிஞ்சியது” என்ற தலைப்புகளில் பல சுருங்கிப் போகும்.

விற்பவர் இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று ரகசியமாக ஒரு விலை வைத்திருப்பார். அது வழக்கமாக மதிப்பீட்டின் கீழ் எல்லையைத் தாண்டாது. அந்த ரகசிய விலை எட்டும் வரை ஏலக்காரரே விற்பவர் சார்பில் விலையை ஏற்றலாம். அதற்கு அனுமதி உண்டு, நிபந்தனைகளில் எழுதியும் இருக்கும். கூடத்தில் யாரும் கை தூக்கவில்லையே, யாரோடு போட்டியிடுகிறோம் என்று திகைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நேரில் போக முடியாதவர் தன் அதிகபட்ச விலையை முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிடலாம். நேர்மையான நிறுவனம் அதை ஒரேயடியாகக் கேட்காது, போட்டிக்குத் தேவையான அளவே ஏற்றும்.

பொருளின் நிலை பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்குவது இலவசம். கேட்காதவர்கள்தான் அதிகம். வாள் என்றால் பிடி பின்னாளில் மாற்றப்பட்டதா, அலகு சுருக்கப்பட்டதா, உறை அதே காலத்ததா என்று கேளுங்கள். தென்னிந்திய உருக்கு எஃகு அலகில் நீரோட்டம் போன்ற இயற்கை வரி இருக்கும். யாரோ பளபளப்பாகத் தேய்த்திருந்தால் அது மறைந்து போயிருக்கும். பிடியில் தந்தம் இருக்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். பிரிட்டனில் 2022 ஜூன் முதல் தந்தப் பொருள் விற்பனைக்குக் கடுமையான சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் தந்த வணிகமே கூடாது.

ஒரு தேதி பிரிக்கும் இரண்டு கொள்ளைகள்

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜர் சிலையை 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர். இது ஏலம் அல்ல, நேரடி விற்பனை. ஆனால் பாடம் ஏலத்துக்கும் பொருந்தும். சிலையோடு பூர்வீகக் காகிதங்கள் வந்தன. இந்தியாவின் தொல்பொருள் சட்டம் வருவதற்கு முன்பே சிலை நாட்டை விட்டு வெளியேறிவிட்டது என்று அவை கூறின. அவை பொய். பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலில் எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படத்தில் அதே நடராஜர், அதே தேய்மானங்களோடு நின்றார். 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது.

இப்போது முதலில் சொன்ன புதிர் விடுபடும். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பொருளோடு “1799இல் என் முன்னோர் எடுத்து வந்தார்” என்ற கடிதம் இருந்தால் விலை ஏறுகிறது. ஸ்ரீபுரந்தான் சிலையோடு எடுத்து வந்த ஆண்டு உண்மையாக எழுதப்பட்டிருந்தால் காவல்துறை வந்திருக்கும். நடுவில் இருப்பது ஒரு கோடு: 1970இல் கலைப்பொருள் கடத்தலைத் தடுக்க வந்த யுனெஸ்கோ ஒப்பந்தம், 1972இல் இந்தியாவின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம். அந்த ஒப்பந்தம் பின்னோக்கிச் செல்லாது. எனவே சந்தை ஒரு பொருளைப் பார்த்து முதலில் கேட்பது, 1970க்கு முன்பே அது வெளியே இருந்ததற்குச் சான்று உண்டா என்பதுதான். பழைய கொள்ளைக்கு நல்ல காகிதம் இருக்கிறது. புதிய திருட்டுக்கு இல்லை, அல்லது போலிக் காகிதம் இருக்கிறது. இதில் நியாயம் பாதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வாங்குபவர் இந்தக் கோட்டின் தவறான பக்கத்தில் நின்றால் பணமும் போகும், பொருளும் போகும். “ஐரோப்பியத் தனியார் சேகரிப்பிலிருந்து” என்று மட்டும் எழுதி, ஆண்டும் பெயரும் இல்லாமல் ஒரு கோயில் உலோகச் சிலை ஏலத்துக்கு வந்தால், தமிழ் வாசகர்களுக்கு என் ஒரே அறிவுரை: தொடாதீர்கள்.

பிரிட்டனும் தன் பங்குக்குக் கோடு போடுகிறது. திப்புவின் சிம்மாசனப் புலித்தலை ஒன்று நாட்டை விட்டுப் போகாமலிருக்க 2021இல் அந்த அரசு தற்காலிக ஏற்றுமதித் தடை விதித்தது. அதன் மதிப்பு 15 லட்சம் பவுண்டு. எடுத்து வந்த பொருள் தங்கள் தேசியச் செல்வம் என்று ஓர் அரசு சொல்வதைக் கேட்கும்போது சிரிப்பதா என்று தெரியவில்லை.

பதக்கத்தில் தொடங்குவது நல்லது

கோடிகளை விட்டுவிட்டு, சம்பளக்காரர் எட்டக்கூடிய இடத்துக்கு வருவோம். ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்குக் கம்பெனி ஒரு பதக்கம் வெளியிட்டது. பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் அச்சடித்தது, 48 மில்லிமீட்டர் விட்டம். ஒரு பக்கம் பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியை மல்லாக்கத் தள்ளி மிதிக்கிறது. கொடியில் அரபி எழுத்து. மறுபக்கம் கோட்டைத் தாக்குதல், மேலே நடுவானில் சூரியன், கீழே பாரசீக வாசகம். மேல்மட்டத்துக்குத் தங்கம், அடுத்தடுத்து பொன்முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், கடைசியில் சாதாரணச் சிப்பாய்க்குத் தகரம். பங்கு பிரித்த அதே படிநிலை, இம்முறை உலோகத்தில். கல்கத்தா நாணயச்சாலையில் அடித்த, 45 மில்லிமீட்டர் அளவுள்ள வகையும் உண்டு. சென்னைப் படையின் இந்தியச் சிப்பாய்களும் இதைப் பெற்றார்கள்.

இதில் பெறுபவர் பெயர் பொறிக்கப்படவில்லை. மாட்டிக்கொள்ள வளையமும் வரவில்லை. அவரவர் தட்டானிடம் கொடுத்துக் கொக்கி வைத்துக்கொண்டார்கள். ஆகவே கொக்கி வேறுபடுவது குற்றம் அல்ல. கவனிக்க வேண்டியது வார்ப்புப் போலி. அசலை அச்சாக வைத்து உருக்கி ஊற்றினால், உலோகம் ஆறும்போது சற்றே சுருங்கும். எழுத்தின் விளிம்பு மழுங்கும். பரப்பில் நுண்ணிய குழிகள் தெரியும். நூறு ரூபாய்ப் பூதக்கண்ணாடியும் ஓர் அளவுகோலும் இதற்குப் போதும்.

பெயர் உள்ள பதக்கங்கள் வேறு உலகம். 1815 வாட்டர்லூ போருக்குப் பின் பதவி வேறுபாடின்றி எல்லாருக்கும் ஒரே பதக்கம் தந்து, அதன் விளிம்பில் வீரரின் பெயரை இயந்திரத்தால் பொறிக்கும் பழக்கம் பிரிட்டனில் தொடங்கியது. விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை இருந்தால், அந்தப் பெயரைப் பதக்கப் பட்டியலில் தேடிச் சரிபார்க்கலாம். பட்டியல்கள் லண்டன் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. ஒரே வகைப் பதக்கம் இரண்டில், பெரிய போரில் இறந்தவருடையது ஒன்று, பாசறைக் கணக்கருடையது ஒன்று என்றால் விலை பல மடங்கு வேறுபடும். இதனாலேயே பழைய பெயரை அராவிவிட்டுப் புதுப் பெயர் பொறிக்கும் மோசடி உண்டு. அராவிய விளிம்பு சற்று மெலிந்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துச் சுழற்றினால் பள்ளம் தெரியும். ஏலப் பட்டியலில் “பெயர் மாற்றப்பட்டது” என்று இரண்டே சொல்லில் இதைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் தொடங்குவதற்கு மிகவும் ஏற்றவை. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியில் 60 லட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்டது, அதனால் விலை குறைவு. 1980 வாக்கில் வெள்ளி விலை ஏறியபோது பதக்க மதிப்பைவிட உலோக மதிப்பு கூடிப் பலவும் உருக்குச் சட்டிக்குப் போயின. இதே பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. தொழிலாளர் படைகளில் போன இந்தியர், சீனர் போன்றோருக்குத் தந்தது அது. தரத்தில் தாழ்ந்தது என்று கருதித் தந்த அந்த வெண்கலம் இன்று வெள்ளியைவிட அரிது, விலையும் அதிகம். இரண்டாம் உலகப் போரில் இன்னொரு வேடிக்கை: பிரிட்டிஷ் வீரர்களின் போர் நட்சத்திரங்களில் பெயர் இல்லை, இந்திய வீரர்களுக்குத் தந்தவற்றில் பெயர் பொறிக்கப்பட்டது.

வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்க வேண்டும். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் பதக்கங்களும் சீருடைகளும் ஆயுதங்களும் இருக்கின்றன. 1792இல் திப்புவின் மகன்களைப் பிணையாக ஏற்கும் காட்சியைப் பீடத்தில் செதுக்கிய கார்ன்வாலிஸ் சிலையும் அங்கேதான். எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலையின் வாள்களையும் குத்துவாள்களையும் பார்க்கலாம். இந்தியாவுக்குள்ளேயே மும்பையிலும் பெங்களூரிலும் நாணயமும் பதக்கமும் ஏலம் விடும் நிறுவனங்கள் இருக்கின்றன. முதல் சில ஏலங்களில் கேட்காமல் விலைகளை மட்டும் குறித்து வருவது செலவில்லாத பயிற்சி.

வீட்டிலேயே இருக்கும் பதக்கம்

இந்தியச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருள் தொல்பொருள் ஆகும். கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டு. அதை வெளிநாட்டுக்கு அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அதன் அனுமதி பெற்ற அமைப்புக்கும் மட்டுமே உண்டு. சிற்பம், ஓவியம், ஓவியம் வரைந்த சுவடி போன்றவற்றை இந்தியத் தொல்லியல் துறையின் பதிவு அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். லண்டனில் வாங்கி ஆசையாக இங்கே கொண்டுவந்த பழம்பொருளை, பிறகு மனம் மாறி லண்டன் ஏலத்துக்கே திருப்பி அனுப்பலாம் என்று கணக்குப் போட வேண்டாம். அம்ரிதா ஷேர்கில் போன்ற சில ஓவியர்களின் படைப்புகளுக்கு நூறு ஆண்டு ஆகாவிட்டாலும் இதே தடை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: மெசபொட்டேமியாவுக்கும் பிரான்ஸுக்கும் போன நம் கொள்ளுத்தாத்தாக்களின் முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் இப்போது நூறு ஆண்டைக் கடந்துகொண்டிருக்கின்றன. இணையத்தில் வெளிநாட்டு விலையைப் பார்த்துவிட்டு அவற்றைப் பார்சலில் அனுப்பினால் சட்டச் சிக்கல் வரும். உள்நாட்டில் விற்பதற்கும் உரிமம் பெற்ற வணிகரையோ ஏல நிறுவனத்தையோ அணுகுவதே பாதுகாப்பு.

விற்கும் எண்ணம் இல்லாதவர்களும் இரண்டு காரியம் செய்யலாம். பதக்கத்தைப் புளி போட்டோ விபூதி போட்டோ தேய்க்கக் கூடாது. நூறு ஆண்டாக மேலே படிந்த படலம் போனால் பெயர் எழுத்தும் கொஞ்சம் போகும், மதிப்பும் போகும். விளிம்பைச் சாய்வு வெளிச்சத்தில் படம் எடுத்து, எண்ணையும் படைப்பிரிவையும் தாளில் எழுதி, அவர் எந்த ஊர், யாருக்கு என்ன உறவு, பதக்கம் யார் வழியாக உங்கள் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்து, தேதியும் கையெழுத்தும் போடுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகமோ பழைய ஓய்வூதியக் காகிதமோ இருந்தால் அதே உறையில் வையுங்கள். பேர்டின் குடும்பத்துக்குப் படைத் தலைமையே எழுதிக் கொடுத்ததை, நம் சிப்பாய்களின் வீடுகளில் நாமேதான் எழுதியாக வேண்டும்.